எஸ்டாப்ளிஷ்மென்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க அரசியல் செய்திகளைத் தமிழாக்கும்போது என்னை அதிகம் திணறவைக்கும் சொல் ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’. ஒரு கட்சியிலோ நாட்டிலோ நெடுநாளாகச் செல்வாக்கோடு இருக்கும் வட்டத்தை அது குறிக்கிறது. ‘முற்போக்கு செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் எஸ்டாப்ளிஷ்மென்ட்டை எதிர்த்தார்’ என்ற இடத்தில் ‘நிறுவனம்’ என்று போட்டால், ஏதோ கம்பெனியோடு தகராறு என்றாகிவிடும்.

லத்தீனில் ‘ஸ்டாரே’ என்றால் நிற்பது. அதன் வழிவந்த சொல் பழைய பிரெஞ்சைக் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழிலும் நில் என்ற வேரிலிருந்துதான் நிறுத்து, நிறுவு, நிறுவனம் எல்லாம். வேர் பொருந்துகிறது, வழக்குதான் இடிக்கிறது. இங்கிலாந்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் நெடுநாள் அரசு ஏற்ற திருச்சபையைக் குறித்தது. இன்றைய அரசியல் பொருளைப் பரப்பியவர் பத்திரிகையாளர் ஹென்ரி ஃபேர்லி. சோவியத்துக்கு உளவு பார்த்து ஓடிப்போன பிரிட்டிஷ் வெளியுறவு அதிகாரிகள் பர்ஜஸ், மக்லீன் இருவரின் குடும்பங்களையும் பத்திரிகைகள் நெருங்கவிடாமல் பெரிய இடத்து நண்பர்கள் காத்தார்கள் என்று 1955இல் எழுதினார். அதிகாரம் பதவிகளில் மட்டும் இல்லை, ஆட்களுக்கு இடையிலான பழக்கத்திலும் இருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது.

நம் நாளிதழ்களில் ‘மேலிடம்’ உண்டு. காங்கிரஸின் டெல்லி மேலிடத்துக்குக் கச்சிதமான சொல். ஆனால் மேலிடம் என்றால் உத்தரவு போட ஓர் இடம் வேண்டும். 2020 மார்ச் தொடக்கத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பதினான்கு மாநிலங்கள் வாக்களிப்பதற்குச் சற்று முன்பு, போட்டியில் இருந்த புட்டிஜெஜும் குளோபுசாரும் அடுத்தடுத்த நாளில் போட்டியிலிருந்து விலகி பைடன் பக்கம் நின்றார்கள். விலகு என்று ஆணையிடும் அதிகாரம் கட்சியில் யாருக்கும் கிடையாது. இதைச் சொல்ல ‘வேரூன்றிய தலைமை’ எனக்குச் சரியாகப் படுகிறது. புதிதாக வந்தவர் காலூன்றுவார்; பிடுங்க முடியாதபடி இருப்பவரே வேரூன்றியவர்.

கூடவே ஒரு பிழையையும் திருத்த வேண்டும். அந்தத் தலைமையின் சென்ட்ரிஸ்ட் அரசியலை, அதாவது இடதுக்கும் வலதுக்கும் இடைப்பட்ட அரசியலை, ‘நடுநிலை’ என்று எழுதுகிறார்கள். நடுநிலை என்பது நீதிபதிக்குரிய குணம். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். இடதுக்கும் வலதுக்கும் இடையில் நிற்பதால் மட்டும் ஒரு கட்சிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிடக் கூடாது. ‘மையவாதம்’ போதும்.

கட்சியின் இடதுசாரிப் பிரிவான முற்போக்காளர்கள் இந்தத் தலைமையிடமிருந்து விலகி நிற்க வேண்டுமா என்ற விவாதத்திலும் ஒரு சொல்தான் குழப்புகிறது. இண்டிபெண்டன்ட் என்றதும் நம் கை ‘சுயேச்சை’ என்று எழுதிவிடுகிறது. சுயேச்சை வாக்குச்சீட்டில் வரும் அடையாளம். கட்சிக்கு வெளியே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு தேர்தல் இருக்கிறது: பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் ஃபுளோரிடாவில் 97,488 வாக்கு பெற்றார், புஷ் அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோரை வென்றது 537 வாக்கில். அதிக வாக்கு பெற்றவருக்கே எல்லாம் என்ற முறையில் மூன்றாம் கட்சிக்கு வழி குறுகல்.

முற்போக்காளர்களுக்கு வேண்டியது தற்சார்பு என்றே நான் நினைக்கிறேன். அதாவது சொந்தப் பணம், சொந்தத் தொண்டர், சொந்த ஆதரவாளர் பட்டியல். சாண்டர்ஸ் வெர்மான்ட்டில் செய்ததைப் பாருங்கள். 2006இலும் 2018இலும் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் நின்று வென்றார். பிறகு அந்த வேட்பாளர் தகுதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார். எதிரே நிறுத்தக் கட்சிக்கு வேறு ஆள் இல்லை, அவரும் கட்சிக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. 2016இல் சராசரி நன்கொடை 27 டாலர் என்று மேடைக்கு மேடை சொன்னாரே, அதுதான் தற்சார்பு.

அது இல்லாதவர்களுக்கு நேர்ந்ததும் பதிவில் இருக்கிறது. 2018இல் புதுமுகமான ஓகாசியோ-கோர்டெஸ், முதல்நிலைத் தேர்தலில் கட்சியின் முன்வரிசைத் தலைவர் ஜோ கிரவுலியைத் தோற்கடித்தார். மறு ஆண்டே, பதவியில் இருப்பவர்களை எதிர்ப்போருக்கு வேலை செய்யும் பிரசார நிறுவனங்களுக்கு இனி ஒப்பந்தம் கிடையாது என்று கட்சியின் கீழவைத் தேர்தல் குழு அறிவித்தது. சொந்த ஆள்பலம் இல்லாமல் அந்த நிறுவனங்களை நம்பிய புதியவர்களுக்கு இடைஞ்சலான அந்த விதி 2021 வரை நடப்பில் இருந்தது.