ஒரு பையை எத்தனை முறை தூக்க வேண்டும்?

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் இரண்டு கிலோ மரச்சீனிக் கிழங்கு வாங்கினால் அதைத் தாங்க ஏழெட்டு கிராம் எடையுள்ள பாலித்தீன் பை ஒன்றே போதும். 1960-களில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த இந்தக் கைப்பிடிப் பையின் வலிமையும் தீமையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. எத்திலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட கரிமச் சங்கிலிதான் பாலித்தீன்; அதன் பிணைப்புகளை அறுப்பது மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளுக்கு மிகக் கடினம். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் சங்கிலி ஆங்காங்கே அறுந்து பை நொறுங்குமே தவிர மக்காது; நொறுங்கியவை நுண்பிளாஸ்டிக் துகள்களாக எஞ்சுகின்றன.

குமரி மாவட்டத்துக்கு இது கூடுதல் கவலை. இரு பருவமழைகளும் பெய்யும் இந்த மண்ணில் ஆறுகள் நீளம் குறைந்தவை. நாகர்கோவிலில் ஓர் ஓடையில் விழுந்த பை பழையாற்றில் சேர்ந்து மணக்குடிப் பொழிமுகம் வழியாகக் கடலை அடைய ஒரு பெருமழை போதும். பாலித்தீன் நீரைவிட அடர்த்தி குறைந்ததால் மிதக்கும். மிதக்கையில் அதன்மேல் பாசி படரும். பாசி படிந்த பிளாஸ்டிக்கின் வாசனையை உணவின் வாசனையைப் போலவே பெருந்தலைக் கடலாமைகள் நாடுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

அப்படியானால் துணிப்பை வாங்கிய அன்றே நன்மை தொடங்கிவிடுமா? இல்லை. பருத்திக்கு நீரும் உரமும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் மின்சாரம் வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்பட்ட பாலித்தீன் பையின் புவி வெப்பமாதல் பாதிப்புக்குச் சமமாகப் புதிய பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிறவருக்கு அது இரண்டரை ஆண்டு. இந்த எண்ணைக் காட்டிப் பிளாஸ்டிக்கை நியாயப்படுத்துவது தவறு. ஏனெனில் ஆற்றிலும் கடலிலும் சேரும் குப்பை இக்கணக்கில் இடம்பெறவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் கிடைத்த தாம்பூலப் பைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பயன்படுத்தாத துணிப்பை, செலவழித்த நீரும் மின்சாரமும் மட்டுமே.

துணிபோலத் தோன்றுவதெல்லாம் துணியுமல்ல. ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் நெய்த பையில் ஊடும் பாவும் தனித்தனி நூலாக வரும். நெய்யாத பையில் ஒட்டி அழுத்திய இழைகளே இருக்கும். அவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடை இவற்றையும் உள்ளடக்கியது.

இக்கணக்கில் மிகக் குறைந்த சுமை, பழைய வேட்டியிலோ சேலையிலோ தைத்த பைக்கே. அந்தப் பருத்தியின் பயிர்ச்செலவு உடுத்திய காலத்திலேயே ஈடாகிவிட்டது. புதிதாகச் சேர்வது தையல் நூல் மட்டுமே. பனையோலையில் முடைந்த கூடையான கடவமும் அப்படியே: பனைக்கு யாரும் நீர் பாய்ச்சுவதில்லை, கிழிந்த ஓலை தோட்டத்து மண்ணில் மக்கிவிடும். சாளை மீன் வாங்கப் போகிறவருக்கு இவ்விரண்டும் உதவா. அதற்கு வீட்டிலிருந்து மூடியுள்ள தூக்குவாளி கொண்டுபோவதே சரி.