ஜூன் குளிரில் தயிர் ஏன் தோய மறுக்கிறது?

ஜூன் பிறந்து தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் வந்துவிட்டால் என் கைபேசியில் தயிர்ப் பஞ்சாயத்து தொடங்கிவிடும். “அக்கா, ராத்திரி உறை ஊத்தி வச்சேன், காலையில பார்த்தா பால் பாலாவே இருக்கு” என்பாள் ஒருத்தி. “தோஞ்சிருக்கு, ஆனா கரண்டியில எடுத்தா நூல் நூலா வருது” என்பாள் இன்னொருத்தி. பெரும்பாலும் வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் வேலைக்காக மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க் வந்து ஓரிரு வருடம் ஆனவர்கள். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு தயிர் தோய்த்தவர்கள். பால் சரியில்லை, மாடு வேறு, தண்ணீர் வேறு என்று காரணங்களையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உறை ஊற்றும்போது பால் எத்தனை டிகிரி?

இதுவரை யாரும் எண் சொன்னதில்லை. “வெதுவெதுன்னு இருந்துச்சுக்கா” என்பார்கள். அந்த வெதுவெதுப்பில்தான் சிக்கலே.

நான் பால் பொருள் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் டர்பன், இப்போது ஜோகன்னஸ்பர்க். தொழிற்சாலையில் தொட்டிப் பாலின் சூடு இரண்டு டிகிரி தவறினாலே அன்றைய தயிரின் புளிப்பு மாறும், மேலாளரின் முகமும் மாறும். வீட்டில் அவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் பத்து டிகிரி தவறினால் வீட்டுப் பாலும் பொறுக்காது. இங்கத்திய குளிர்காலத்தில் பத்து டிகிரி தவறுவது ரொம்பச் சுலபம்.

நம் தோல் சூட்டை நேராக அளப்பதில்லை. தன் சூட்டோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். ஜூலை மாதக் காலையில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவிய விரல் விறைத்துப் போயிருக்கும். அதை 34 டிகிரிப் பாலில் விட்டால் சுரீர் என்று சுடுவது போலிருக்கும். இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிடுவோம். உறை ஊற்றும்போது பால் 28-க்கு இறங்கியிருக்கும். ஒரு நாள் ஜோகன்னஸ்பர்கின் லெனேசியா பகுதியில் என் பக்கத்து வீட்டு ஆயாவையும் புதிதாக வந்த ஒரு பெண்ணையும் ஒரே பாத்திரத்தின் முன் நிறுத்தி, வெதுவெதுப்பு வந்ததும் சொல்லச் சொன்னேன். அறுபது வருடம் அடுப்படியில் காய்த்துப்போன விரல் ஆயாவுடையது. அவர் சரி என்று சொன்னபோது என் வெப்பமானி 47 காட்டியது. அந்தப் பெண் சரி என்றபோது 31. இரண்டு பேருமே நேர்மையாகத்தான் சொன்னார்கள்.

விரலால் இன்னொரு வம்பும் உண்டு. காய்ச்சிய பாலில் கிருமிகள் பெரும்பாலும் செத்திருக்கும். அதில் மறுபடி எதையாவது கொண்டுபோய் விடுவது நம் கைதான். தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, வெதுவெதுப்பான பாலில் சுகமாகப் பெருகும். அது விடும் நஞ்சு அப்புறம் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே விரலை வெளியே வைத்துக்கொண்டு, இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பிராய், அதாவது தணலில் இறைச்சி வாட்டும் விருந்து, போடும் வீடுகளில் ஏற்கெனவே ஒன்று கிடக்கும். வெந்நீரில் கழுவித் துடைத்துப் பாலில் விடலாம்.

வாங்கியதும் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துவிட்டு, 100 காட்டவில்லை, ஓட்டை என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடலோர டர்பனில்தான் 100. அதனால் ஐஸ் கட்டியை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் வைத்துப் பாருங்கள். எந்த ஊரிலும் அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும்.

சரி, எத்தனை டிகிரி வேண்டும்? அது நீங்கள் ஊற்றும் உறையைப் பொறுத்தது. ஊரில் அம்மா கொடுத்த உறைமோர் தலைமுறை தலைமுறையாக வீட்டு மேடையில் வளர்ந்தது. அதில் பல வகை நுண்ணுயிரிகள் கலந்திருக்கும். 30 டிகிரியைச் சுற்றி நன்றாக வேலை செய்யும் லாக்டோகாக்கஸ் வகைகள் நிறைய. மதுரையின் இரவுச் சூடே அதற்குப் போதும். இங்கே கடையில் வாங்கும் வெறும் தயிரில், குறிப்பாக ‘பல்கேரியன்’ என்று எழுதிய டப்பாவில், இருப்பவை இரண்டு: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். இரண்டாவதை 1905இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகொரோவ் என்ற பல்கேரிய மாணவர் தன் ஊர்த் தயிரிலிருந்து கண்டெடுத்தார். பேர் வந்த கதை அதுதான். இந்த இரண்டும் சூடு விரும்பிகள். 40 முதல் 45 டிகிரிக்குள் நான்கைந்து மணி நேரத்தில் தயிராக்கிவிடும். நான் 43 வைத்துக்கொள்கிறேன். 30-க்குக் கீழே போனால் போர்த்திக்கொண்டு தூங்கும். 50-ஐத் தாண்டினால் துவளும், 60-இல் பெரும்பாலும் சாவுதான். 45-க்கு மேலே சற்று நேரம் நின்றாலும் பல்கேரிகஸின் கை ஓங்கி, புளிப்பு நாக்கைக் கடிக்கும்.

ஆக, ஊர் உறைக்கான பழக்கத்தைக் கடை உறைக்குப் போட்டுப் பார்க்கிறோம். அதுவும் 12 டிகிரிக்கு இறங்கும் சமையலறையில். இங்கே வீடுகளைக் கட்டியவர்கள் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள் என்பது என் நீண்டநாள் புலம்பல்.

இந்த மண்ணுக்கே உரிய உறையும் ஒன்று உண்டு: அமாசி. சுலு, கோசா மக்கள் சுரைக் குடுக்கையில் பாலைப் புளிக்க வைத்துச் செய்வது. இப்போது எல்லாக் கடையிலும் பிளாஸ்டிக் பாட்டிலில் ‘மாஸ்’ என்ற பெயரில் நிற்கிறது. இது 22 முதல் 30 டிகிரியில் தோயும் வகை, நம் ஊர்த் தயிருக்குத் தாயாதி என்றே சொல்லலாம். 1961இல் நெல்சன் மண்டேலா தலைமறைவாக இருந்தபோது, ஜோகன்னஸ்பர்கின் வெள்ளையர் பகுதியான பெரியாவில் ஒரு நண்பரின் அடுக்குமாடி வீட்டில் தங்கியிருந்தார். அமாசிக்காகப் பாலை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். நம் ஆட்களின் பால் இங்கே என்ன செய்கிறது என்று இருவர் சுலுவில் பேசிக்கொள்வது காதில் விழுந்ததும், வெள்ளையர் வீட்டு ஜன்னலில் கறுப்பர்களின் பால் இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த இடத்தையே காலி செய்துவிட்டார். 43 டிகிரி கேட்கும் தயிராக இருந்திருந்தால் ஜன்னலுக்கே வந்திருக்காது. ஊர் உறை கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது: கோடைக்கு அமாசியை உறையாக வைத்துப் பாருங்கள், வீட்டு மேடையிலேயே தோய்ந்துவிடும். குளிர்காலத்துக்குக் கடைத் தயிரும் 43 டிகிரியும். எதுவானாலும் டப்பாவில் உயிருள்ள நுண்ணுயிரி இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தோய்ந்த பிறகு சூடாக்கி விற்கும் பண்டங்களும் உண்டு. அவற்றில் எவ்வளவு ஊற்றினாலும் பால் பாலாகவே இருக்கும்.

உறைக்கு முந்திய சூட்டைப் பற்றியும் கொஞ்சம். பாலைக் காய்ச்சுவது கிருமிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். 85 டிகிரியில் அரை மணி, அல்லது 90–95இல் ஐந்து நிமிடம் என்பது தொழிற்சாலைக் கணக்கு. அந்தச் சூட்டில் பாலின் மோர்ப்புரதம் சுருள் அவிழ்ந்து, பாலின் முக்கியப் புரதமான கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரித் தயிர் வரும். ஜோகன்னஸ்பர்கில் பால் கொதிக்கும் சூடே கிட்டத்தட்ட அதுதான். பொங்கியதும் அணைத்துவிடாமல், தீயைக் குறைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் கிண்டிக்கொண்டே இருந்தால் போதும். லாங் லைஃப் பாலை ஏற்கெனவே 135 டிகிரிக்கு மேல் சில நொடி காட்டியிருப்பார்கள். அதை 43-க்குச் சூடாக்கினாலே போதும், ஆனால் தயிர் சற்று இளகலாகத்தான் வரும். லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் பவுடர் சேர்த்தால் கெட்டிப்படும்.

இனி என் மானம் போன கதை. டர்பனில் இருந்தபோது ஒரு மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழுக்குத் தயிர் தேவைப்பட்டது. ஆய்வகத்துக்காரி என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய அண்டாவில் 40 லிட்டர் பால். காய்ச்சி இறக்கி இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் வெப்பமானியை மேலாக விட்டுப் பார்த்தேன், 44. உறையை ஊற்றிக் கலக்கிவிட்டு, சாக்கால் மூடி, பெருமையாக வீட்டுக்குப் போனேன். காலையில் அண்டாவில் பால் தோயாமல் பாலாகவே இருந்தது. மேலே ஆடை கட்டிக் காற்றுபட்டு ஆறியிருந்ததே தவிர, உள்ளே அறுபதுக்குப் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கலக்கியதும் உறை மொத்தமும் அந்தச் சூட்டில் வெந்துபோயிற்று. அந்தக் கோயில் ஆன்ட்டிகள் ஒன்றும் சொல்லாமல் கடைக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. அதிலிருந்து அடிவரை கலக்காமல் நான் அளப்பதே இல்லை. பெரிய பாத்திரமானால் பாலைச் சிறிய பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆற்றுவேன்.

சூட்டைப் பிடித்து வைப்பதற்கு மின்சாரத்தை நம்பவேண்டாம். ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைப்பார்கள். நள்ளிரவில் லோட் ஷெட்டிங் வந்தால் விளக்கும் போகும், தயிரும் போகும். எனக்கு இரண்டு தடவை அப்படி ஆயிற்று. பிராய்க்குப் பானம் எடுத்துப்போகும் கூலர் பாக்ஸ் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. குளிர் வெளியே போகாமல் காப்பது சூட்டையும் காக்கும். அதில் தயிர்ப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் 50 டிகிரி வெந்நீர் பாட்டில் இரண்டு நிறுத்தி, போர்வையால் மூடினால் ஐந்து மணி நேரத்துக்குக் கவலையில்லை. 2008இல் இந்த நாட்டில் சாரா காலின்ஸ் தொடங்கிய வொண்டர்பேக் என்ற பஞ்சுப் பையும் இதே வேலையைச் செய்யும். பாத்திரத்தை முதலில் வெந்நீரில் அலசுங்கள். சில்லிட்ட எவர்சில்வர் பாத்திரம் ஊற்றியவுடன் மூன்று நான்கு டிகிரியை விழுங்கிவிடும். சின்ன டம்ளரில் தோய்ப்பதைவிட இரண்டு லிட்டராகத் தோய்ப்பது மேல், மொத்தமாக இருந்தால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை போதும். கூட்டி ஊற்றினால் சற்றுச் சீக்கிரம் தோயலாம், ஆனால் புளிப்பும் கூடும்.

நூல் விடும் தயிர் பெரும்பாலும் சூடு போதாமல் இழுத்துக்கொண்டு தோய்ந்தது. சில நுண்ணுயிரிகள் தாழ்ந்த சூட்டில் சர்க்கரையைக் கொழகொழப்பான இழையாக்கும். வாசனையும் புளிப்பும் சரியாக இருந்தால் அதில் ஆபத்து இல்லை, மோராக்கிக் குடித்துவிடலாம். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீருக்கும் பயப்பட வேண்டாம். நான் பயப்படுவது பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் புளிக்காத பாலுக்கு. காய்ச்சும்போது சாகாத வித்துக்களாகத் தங்கும் பேசில்லஸ் சீரியஸ் போன்றவை அந்த மந்தமான வெதுவெதுப்பில் முளைக்கும். புளிப்பு சீக்கிரம் ஏறி, பி.எச். என்ற அமில அளவு (புளிப்பு ஏற ஏற இந்த எண் இறங்கும்) 4.6-க்கு இறங்குவதுதான் தயிரின் காவல். அது நடக்காத பாலை மறுபடி சூடாக்கி உறை ஊற்றாதீர்கள், கொட்டிவிடுங்கள். நுரைத்துக் குமிழி விட்டிருந்தாலோ, ஆரஞ்சு, இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தாலோ அப்படியேதான்.

2017–18இல் இங்கே லிஸ்டீரியா கிருமியால் வரும் லிஸ்டீரியோசிஸ் நோய் பரவி 200 பேருக்கு மேல் இறந்த பிறகு, கர்ப்பமான மகளுக்கு வீட்டுத் தயிர் கொடுக்கலாமா என்று கேட்காத அம்மா இல்லை. அந்தத் தடவை வினை பதப்படுத்திய இறைச்சியில் இருந்தது. ஆனாலும் அது ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி. காய்ச்சாத பண்ணைப் பால் மட்டும் வேண்டாம். நன்றாகக் காய்ச்சிச் சுத்தமாகத் தோய்த்த தயிர் தாராளமாகக் கொடுக்கலாம். தோய்ந்ததும் 5 டிகிரிக்குக் கீழே போய்விட வேண்டும்.

நல்ல தயிர் அமைந்த அன்று, ஐஸ் தட்டில் நான்கைந்து கட்டி உறைய வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போய் வந்தால் உறைக்கு அலைய வேண்டியிருக்காது. ஒரு லிட்டருக்கு இரண்டு கட்டி, முதலில் ஃபிரிட்ஜிலேயே கரையவிட்டு ஊற்றுங்கள். அந்த முதல் தடவை மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுக்கும். நடுவில் திறந்து ஆட்டிப் பார்க்காமல் இருந்தால் சரி.