முடக்குவாத மாத்திரைக்கு ஒரு கிழமை

முடக்குவாதத்துக்கு முதலில் எழுதித் தரப்படும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்தான். மூட்டின் உட்சவ்வை உடலின் எதிர்ப்பு அணுக்களே தாக்குவதால் வரும் நோய் இது. வலி மாத்திரை வலியை அடக்கும். தாக்குதலைத் தணிப்பது மெத்தோட்ரெக்ஸேட். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். ஒரு மாதத்தில் கேட்கவில்லையே என்று நிறுத்துவது அவசரம். அதுவரை ஓட்டத்தான் சிலருக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு சேர்த்துத் தருகிறார்கள்.

இதை வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும். ரத்தத்திலிருந்து ஓரிரு நாளில் வடிந்துவிட்டாலும், செல்லுக்குள் புகுந்த மருந்து வேறு வடிவம் எடுத்து அங்கேயே தங்கி வாரம் முழுக்க வேலை செய்கிறது. செல்கள் பெருகத் தேவையான ஃபோலேட் என்ற பி வைட்டமினை இந்த மருந்து தடுக்கிறது. தினமும் போட்டால் அது குவிந்து, ஃபோலேட் இல்லாமல் செல்கள் பெருக முடியாமல் போகும். வேகமாகப் பெருகும் இடங்கள்தான் முதலில் அடிபடும்: வாயில் புண், பிறகு எலும்பு மஜ்ஜை. வெள்ளை அணுக்கள் சரிந்து உயிரே போன சம்பவங்கள் உண்டு.

குழப்பம் பெரும்பாலும் மாத்திரைப் பெட்டியில்தான் தொடங்குகிறது. மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மி.கி.யும், அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) 5 மி.கி.யும் பல கம்பெனிகளில் சின்ன மஞ்சள் மாத்திரைகள். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்து, மருந்துச் சீட்டில் "ஞாயிறு" என்று கிழமையையே எழுதி வாங்குங்கள். "வாரம் ஒரு முறை" என்ற வரி கண்ணில் படாமல் போகலாம், ஞாயிறு படாமல் போகாது. வாரத்துக்கு 15 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை ஆறு. கடையில் 10 மி.கி. அட்டை கொடுத்தால் கணக்கே மாறிவிடும். ஃபோலிக் அமிலத்தை மெத்தோட்ரெக்ஸேட் போடாத நாளில், மருத்துவர் சொன்ன அளவில் போட வேண்டும்.

குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுவிட்டுப் படுக்கலாம். அப்படியும் தாங்கவில்லையென்றால் தோலடி ஊசி இருக்கிறது.

ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனைகள் தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, நிலைபெற்ற பின் சுமார் 3 மாதத்துக்கு ஒரு முறை. மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது; உடலில் நீர் வற்றினால் அது தேங்கிவிடும். அதனால் கடும் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் மாத்திரையைத் தள்ளிவைத்து மருத்துவரைக் கேளுங்கள். மது வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது 3 மாதம் முன்பே, மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்டு, இதை நிறுத்த வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவரிடம் போனால் மெத்தோட்ரெக்ஸேட் போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலேட்டையே தடுப்பதால், இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை படுத்துவிடும்.