மெகாவாட் கணக்கில் மறையும் புகை

ஒரு நாடு இத்தனை ஆயிரம் மெகாவாட் சூரிய மின்சாரம் நிறுவியது என்று செய்தி வருகிறது. புகை குறைந்ததா என்பது அதிலிருந்து தெரியாது. மெகாவாட் வெறும் திறன்; நாம் பார்க்க வேண்டியது உண்மையில் உற்பத்தியான யூனிட்.

நல்ல வெயில் அடிக்கும் இடத்தில் 1 மெகாவாட் சூரிய நிலையம் ஆண்டு முழுக்கத் தருவது அதன் திறனில் சுமார் 20 சதவீதம், அதாவது ஏறக்குறைய 17.5 லட்சம் யூனிட். 70 சதவீதத்தில் ஓடும் அனல் நிலையத்தில் அதே 1 மெகாவாட் 61 லட்சம் யூனிட் தரும். ஈடுகட்ட மூன்றரை மெகாவாட் பேனல் வேண்டும். இரவுக்குச் சேமிப்பு தனி.

சுரங்கம், தயாரிப்பு, கழிவு எல்லாம் சேர்த்து ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-இல் தந்த இடைநிலை மதிப்புகள்படி, யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயு, எரிவாயு 490, பெரிய சூரிய நிலையம் 48, நிலத்துக் காற்றாலை 11. ஆக அந்த 1 மெகாவாட் சூரிய நிலையம், நிலக்கரிக்குப் பதிலாக ஓடினால், ஆண்டுக்குச் சுமார் 1,350 டன்னைத் தவிர்க்கலாம். ஆனால் நிலக்கரி யூனிட் அதே அளவு குறைந்தால்தான். பிரிட்டனில் மின் தேவை பெருகவில்லை. கடைசி நிலக்கரி நிலையத்தை 2024 செப்டம்பரில் மூட முடிந்தது. தேவை வேகமாக வளரும் இந்தியாவில் பேனல்களும் கூடின, நிலக்கரி எரிப்பும் கூடியது. பேனல் மேல் குற்றமில்லை. அது இல்லையென்றால் இன்னும் எரித்திருப்போம்.

கோளாறு பெரும்பாலும் மின்தடத்தில்தான். நண்பகலில் உற்பத்தி உச்சிக்குப் போகும்போது கொண்டுசெல்லக் கம்பி இல்லையென்றால், சூரிய நிலையத்தை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அனல் நிலையத்தையோ ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. இறக்கிய நிலையில் யூனிட்டுக்கு எரியும் நிலக்கரியும் கூடும். செய்திக்குறிப்புகளில் இது வராது.

இன்னொன்று, புகையின் சுமை நாட்டு எல்லை தாண்டுவது. நாடுகள் ஐ.நா.வுக்குத் தரும் கணக்கில் உள்நாட்டில் வெளியான புகை மட்டுமே சேரும். பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில் நடக்கிறது. சிலிக்கானை உருக்கிச் சுத்திகரிக்கும் மின்சாரத்தின் புகை அங்கேதான் பதிவாகும். பல வகை பேட்டரிகளுக்குத் தேவையான கோபால்ட் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. லித்தியத்துக்காகச் சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் உவர்நீரை இறைத்து வெயிலில் வற்ற வைக்கிறார்கள். மழையே அரிதான பாலைவனம் அது.

பேனலின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. எடையில் முக்கால் பங்கு கண்ணாடி, ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் பிரிப்பதுதான் செலவு. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இலேயே பேனலை மின்னணுக் கழிவுச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. அகற்றும் செலவுக்கான வைப்புத்தொகையை, நிலையம் அமைக்கும் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வாங்குங்கள்; 25 ஆண்டு கழித்து அந்த நிறுவனம் இருக்குமா என்பதே சந்தேகம்.