சிறுநீரக நோயாளியின் வீட்டு உப்புக் கணக்கு

நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாக அறிந்த ஒருவர் கிளினிக்கை விட்டு எழும்புமுன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டொக்டர், நான் என்னத்தைச் சாப்பிடக் கூடாது?" நோய் என்றால் பத்தியம் என்று பழகிய வன்னியில், நாங்கள் பதில் சொல்லுமுன்பே அயலவரும் உறவினரும் பட்டியலை முடித்துக் கொடுத்துவிடுவார்கள். மீன் கூடாது, முட்டை கூடாது, பருப்பும் கீரையும் பழமும் கூடாது. எஞ்சுவது சோறும் சொதியும், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கருவாடும்.

முல்லைத்தீவு மாவட்டத்துக் குளமொன்றின் கீழ் நெல் செய்யும், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அப்படித்தான் மூன்று மாதங்களில் ஏழு கிலோ மெலிந்து வந்தார். அவருடைய சிறுநீரக வடிதிறன், அதாவது அறிக்கையில் ஈ.ஜி.எவ்.ஆர். என்று வரும் எண், 38 ஆக இருந்தது. 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை என்பதால், முறையாகக் கவனித்தால் பல ஆண்டுகள் அப்படியே வைத்திருக்கக்கூடிய நிலைதான் அது. "இவர் எல்லாத்தையும் விட்டிட்டார், டொக்டர்" என்றார் மனைவி, ஓரளவு பெருமையோடு. ஆனால் விட வேண்டியதை அவர் விட்டிருக்கவில்லை.

உப்பைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பு, அதாவது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி, என்பதே சிறுநீரக நோயில் பொதுவாக வகுக்கப்பட்டுள்ள எல்லை. சமைப்பவர்களுக்கு இது காதில் விழும், கையில் நிற்காது. உப்பை நாங்கள் விரல் நுனியால் அள்ளிப் போடுகிறோமே தவிர நிறுத்துப் போடுவதில்லை. அதனால் நான் கேட்பது வேறு கேள்வி: ஒரு கிலோ உப்புப் பைக்கற் உங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு வருகிறது? அவர்கள் வீட்டில் நான்கு பேர். 25 நாளில் முடிந்துவிடும் என்றார்கள். பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம். வடித்த கஞ்சியோடும் கழுவிய தண்ணீரோடும் போனதைக் கழித்தாலும், கருவாடு, ஊறுகாய், ரின் மீன், சோயா மீற் பைக்கற்றுக்குள் வரும் தூள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவேயில்லை. ஆனையிறவு உப்பானாலும் மன்னார் உப்பானாலும் விலை கூடிய இந்துப்பானாலும் அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைட்டுத்தான். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொற்றாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரக நோயாளிக்கு அது இன்னும் ஆபத்தானது. உப்பைச் சிறுநீரில் அளவுக்கு மீறி இழக்கும் சிலர் உண்டு. அவர்களுக்கு மட்டும் வைத்தியர் வேறு அளவு சொல்வார்.

புரதத்தில் நடப்பது இதற்கு நேர்மாறான பிழை. மூன்றாம் நிலையிலிருந்து உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் என்று கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம் வருகிறது. மூன்று வேளையும் சேர்த்து 600 கிராம் சோற்றில் 15 கிராம் அளவு கிடைத்துவிடும். அதனுடன் 100 கிராம் மீன் 20 கிராமும், ஒரு முட்டை 6 கிராமும், சிறு கிண்ணம் பருப்புக் கறி ஏழெட்டு கிராமும் கொடுக்கும். ஆகவே குளத்து மீனில் ஒரு துண்டும் முட்டையும் பருப்பும் அவருடைய தட்டில் இருந்திருக்கலாம், இருந்திருக்கவும் வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தினால் உடல் தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்கும். டயலிசிஸ் தொடங்கியவருக்கோ புரதத் தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. அதற்குப் பின்னும் பழைய பத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வாடுபவர்களைக் காணும்போது, நாங்கள் விளக்கியது போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கீரைக்கும் பழத்துக்கும் வரும் தடை பொற்றாசியத்தைப் பற்றியது. குருதியில் அது லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும்போது முருங்கைக்கீரையையும் வாழைப்பழத்தையும் முற்றாக ஒதுக்கக் காரணமில்லை. அறிக்கையில் அது உயர்ந்தால்தான் கட்டுப்பாடு வேண்டும். லோசாட்டன், எனலப்பிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் அதை உயர்த்தக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. உயர்ந்தவர்கள் கிழங்கையும் மரக்கறியையும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். ஒடியல் கூழில் இந்த உபாயம் செல்லாது. அவித்த தண்ணீர்தானே அங்கே கூழ்! கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்புச் சூடு தணிய என்று குடிக்கும் இளநீரையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கிறது. பெரிய இளநீர் ஒன்று இரண்டு வாழைப்பழத்துக்கு மேல். ஆரோக்கியமானவருக்கு அமிர்தம், பொற்றாசியம் ஏறிய நோயாளிக்கு இதயத் துடிப்பையே குழப்பக்கூடியது.

நிலை எதுவானாலும் அறவே தவிர்க்கச் சொல்வது காமரங்காயை. குறுக்காக வெட்டினால் நட்சத்திரம்போல் தெரியும் அந்தக் காயிலுள்ள நச்சுப்பொருளைப் பழுதடைந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது; விடாத விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகலாம். நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் நல்லதென்று விளிம்பிக்காயைச் சாறு பிழிந்து குடிப்பதும் இதைப் போன்றதே. அதிலுள்ள ஒட்சலேற்று, நல்ல சிறுநீரகத்தையும் சில நாட்களில் செயலிழக்கச் செய்திருக்கிறது.

பொசுபரசைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பருப்பிலும் பயறிலும் உள்ளதை உடல் பாதியளவே உறிஞ்சும். கோலா வகைப் பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் பொசுபேற்றோ பெரும்பாலும் முழுதாக உள்ளே போய்விடும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காத வன்னி நோயாளி இல்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் துலங்காத சிறுநீரக நோய், அனுராதபுரத்தோடு எல்லையைப் பகிரும் வவுனியாவிலும் காணப்படுகிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர்வற்ற வேலை செய்வது எனப் பலவும் ஆராயப்பட்டும் ஒரே காரணம் என்று எதுவும் உறுதியாகவில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது; சுத்திகரிப்பு நிலையத்து நீர் கிடைக்கும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுப்பது நல்லது. காலில் வீக்கமோ மூச்சிரைப்போ இல்லாத ஆரம்ப நிலைக்காரர் வயலில் நிற்கும்போது தாகத்தை அடக்கத் தேவையில்லை. சிறுநீர் குறைந்து உடல் வீங்கிய பின்னரே தண்ணீருக்கு அளவு வரும்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தத் தம்பதியர் வெறும் உப்புப் பைக்கற் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திறந்த திகதியையும் முடிந்த திகதியையும் மனைவி பேனாவால் அதில் எழுதியிருந்தார். இடையில் 45 நாட்கள். ஆளுக்கு ஐந்தரைக் கிராம் அளவில் வருகிறது. அவருடைய எடை இரண்டு கிலோ கூடியிருந்தது, வடிதிறன் குறையவில்லை. கருவாட்டுக் கணக்கை மட்டும் நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.