மஞ்சளும் சிலந்தி வலையும்

சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "ஏனுங்க, 2024 பங்குனியில ஈரோட்டுல விரலி மஞ்சள் குவிண்டால் இருபதாயிரத்தத் தாண்டுச்சு. அதப் பாத்துட்டுத்தான் வைகாசியில மூணு ஏக்கர் போட்டனுங்க. அறுத்து, வேக வெச்சு, காய வெச்சு, மூட்டை கட்டறதுக்குள்ள வெல எறங்கிப் போச்சு. நாம போட்டா மட்டும் எறங்குதுங்களா?"

ஆமாங்க, இறங்கியதில் ஒரு பங்கு நீங்கள் போட்டதால்தான். அந்தப் பங்குனி விலையை நீங்கள் மட்டுமா பார்த்தீர்கள்? கொடுமுடியிலும் கவுந்தப்பாடியிலும் பார்த்தார்கள். தெலங்கானாவின் நிஜாமாபாத்திலும் மகாராஷ்டிராவின் ஹிங்கோலியிலும் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே யோசனை. அந்த யோசனை கிழங்காகி ஏலத்துக்கு வர ஒன்பது பத்து மாதம் ஆகிறது. விஷயமே அந்த ஒன்பது மாதத்தில்தான் இருக்கிறது.

வரத்து கூடினால் விலை இறங்கும், குறைந்தால் ஏறும் என்பது ப்ளஸ் டூ பாடம். அந்தப் பாடத்தில் விலையும் வரத்தும் ஒரே நாளில் ஒன்றையொன்று பார்த்துச் சரிசெய்துகொள்ளும். தோட்டத்தில் அப்படி நடக்காது. போன வருட விலை இந்த வருட வரத்தைத் தீர்மானிக்கிறது, இந்த வருட வரத்து இந்த வருட விலையைத் தீர்மானிக்கிறது. ஒரு வருடம் தள்ளித் தள்ளி ஒன்றையொன்று துரத்தும் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் ஆடிப் பார்ப்போம். எனக்கு இதில் அலுக்கவே அலுக்காது.

கற்பனையாக ஒரு சந்தை. சாதாரண வருடத்தில் 100 வண்டி மஞ்சள் வருகிறது, விலை குவிண்டால் 10,000 ரூபாய். ஒரு வண்டி கூடினால் விலை 100 ரூபாய் இறங்கும், ஒரு வண்டி குறைந்தால் 100 ரூபாய் ஏறும். விவசாயிகள் 200 ரூபாய் ஏறினால் அடுத்த வருடம் ஒரு வண்டி கூடுதலாக விளைவிப்பார்கள், 200 இறங்கினால் ஒரு வண்டி குறைப்பார்கள். ஒரு வருடம் மழை பொய்த்து 80 வண்டிதான் வருகிறது. விலை 12,000. அதைப் பார்த்து அடுத்த வருடம் 110 வண்டி, விலை 9,000. அடுத்து 95 வண்டி, 10,500. அப்புறம் 9,750. ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டுச் சும்மா இருந்தால் எப்படி அடங்குமோ அப்படி விலை பத்தாயிரத்துக்கே வந்து நிற்கிறது.

இப்போது இரண்டே இரண்டு எண்களை மாற்றுங்கள். ஒரு வண்டி கூடினால் 150 ரூபாய் இறங்கட்டும். விவசாயிகள் 100 ரூபாய் ஏறினாலே ஒரு வண்டி கூட்டட்டும், 100 இறங்கினாலே ஒரு வண்டி குறைக்கட்டும். மழை பொய்த்த அதே 80 வண்டியில் ஆரம்பித்தால் விலை 13,000. அடுத்த வருடம் 130 வண்டி, 5,500. வெறுத்துப்போய் எல்லாரும் கைவிட, அடுத்து 55 வண்டி, 16,750! அதற்கடுத்த வருடம் கணக்கு பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது. மஞ்சளை எடுத்துக்கொண்டு போங்கள் என்று வியாபாரிக்கு நாம் காசு கொடுக்க வேண்டும். முதல் வருடத்துக்கு அப்புறம் இந்தக் கதையில் மழையும் பொய்க்கவில்லை, பூச்சியும் விழவில்லை, பதுக்கலும் இல்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் நியாயமாகத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்.

காலண்டர் அட்டையின் பின்புறம் இதை வரையலாம். குறுக்கே வரத்து, நெடுக்கே விலை. வாங்குபவர்களின் கோடு இறங்கும், விளைவிப்பவர்களின் கோடு ஏறும். நேராக ஒரு கோட்டுக்குப் போய், படுக்கையாக அடுத்த கோட்டுக்குப் போய், மறுபடி நேராக என்று ஒவ்வொரு வருடத்தையும் பென்சிலால் தொடர்ந்தால் சதுரச் சதுரமாகச் சுற்றி ஒரு சிலந்தி வலை விழும். முதல் கணக்கில் வலை உள்ளே சுருங்கும், இரண்டாவதில் வெளியே விரிந்துகொண்டே போகும். 1930 வாக்கில் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் மூன்று பொருளியலாளர்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். சிலந்தி வலை என்று பெயர் வைத்தவர் நிக்கோலஸ் கால்டோர், 1934 இல். அதற்குச் சில வருடம் முன்பே ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் என்பவர் பன்றி விலையில் இப்படி ஒரு ஊஞ்சலாட்டம் இருப்பதை எண்களோடு காட்டியிருந்தார். சீனாவில் 2019 இல் பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் இறைச்சி விலை எகிறி, எல்லாரும் பண்ணை போட்டு, 2021 இல் விலை சரிந்தது அதே கதைதான்.

சரி, நம் மஞ்சள் எந்தக் கணக்கில் சேரும்? சமையலறைக்குப் போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மஞ்சள் தூள் கிண்ணத்தில் ஒரு குட்டிக் கரண்டி கிடக்கும். குழம்புக்கு அரைக் கரண்டி. விலை இரண்டு மடங்கானாலும் அதே அரைக் கரண்டிதான், பாதியானாலும் அதே அரைக் கரண்டிதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் ரசத்தில் இரண்டு கரண்டி போடுவதில்லை, போட்டால் சாப்பிட முடியாது. மாதச் செலவில் அது எத்தனை ரூபாய் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்படி வாங்குபவர் விலையைக் கண்டுகொள்ளாத பொருளில், கொஞ்சம் வரத்து கூடினாலும் அதை விற்றுத் தீர்க்க விலை தடாலென்று விழ வேண்டியிருக்கிறது, கொஞ்சம் குறைந்தாலும் எகிற வேண்டியிருக்கிறது. அரைக் கரண்டியின் பிடிவாதம் ஏல விலையில் ஆயிரக்கணக்கான ரூபாயாகத் தெரிகிறது. ஆகவே என் கணிப்பில் மஞ்சள் இரண்டாவது கணக்குக்குத்தான் பக்கம்.

2010 கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் 17,000 ரூபாயைத் தொட்டது. காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் கரும்பை அழித்துவிட்டு மஞ்சள் நட்டவர்களில் என் மாமாவும் ஒருவர். 2012 இல் விலை 4,000 பக்கம் கிடந்தது. "பவுன் வாங்கலாம்னு நட்டது, இருந்த பவுன அடகு வெக்கற மாதிரி ஆயிப்போச்சு கண்ணு" என்பார். அதற்கப்புறம் 2022 வரை பெரும்பாலும் ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவிலேயே ஓடியது.

என் கற்பனைச் சந்தையில் இப்படி ஓடாது, அடுத்த வருடமே எகிறியிருக்கும். வித்தியாசம் குடோன். தக்காளியை மூன்று நாள் வைக்க முடியாது. நன்றாகக் காய்ந்த மஞ்சள் வருடக்கணக்கில் மூட்டையில் கிடக்கும். விலை விழுந்தால் விவசாயியும் வியாபாரியும் விற்காமல் வைப்பார்கள், அது விழுவதைத் தடுக்கும். விலை ஏற ஆரம்பித்தால் அந்தப் பழைய மூட்டைகள் வெளியே வரும், அது ஏறுவதைத் தடுக்கும். வலை விரியாமல் பிடித்துவைப்பது குடோன்தான். பதுக்கல் என்று நாம் திட்டும் காரியத்தில் ஒரு பகுதி இந்த வேலையைத்தான் செய்கிறது. திட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை, ஆள் பார்த்துத் திட்டலாம் என்கிறேன்.

ஆழியாறு பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ வைத்திருப்பவர்களுக்கு ஊஞ்சல் இன்னும் நீளம். மரம் காய்க்கவே மூன்று நான்கு வருடம். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது, அடுத்த வருடக் கடைசிக்குள் பாதியானது. உச்ச விலையைப் பார்த்து நட்ட கன்றுகள் அதற்குள் காய்க்கும் கட்டத்துக்கே வந்திருக்காது.

வருடாவருடம் சித்திரையில் பஞ்சாங்கத்தைப் பிரித்து, இந்த வருடம் ரஸாதிபதி யார், தான்யாதிபதி யார், மஞ்சள் நிறப் பொருள் விலை ஏறுமா என்று பார்த்து நடுபவர்களை எனக்குத் தெரியும். கிரகம் விலையை ஏற்றாது. ஆனால் ஊரே ஒரே பஞ்சாங்கத்தை நம்பி நட்டால் விலை கட்டாயம் இறங்கும்! இதே சிக்கல் நல்ல கணிப்புக்கும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே விலைக் கணிப்பு சொல்கிறது. ஏறும் என்று சொல்லி, எல்லாரும் நம்பி நட்டால், அந்தக் கணிப்பே பொய்த்துவிடும். அப்படியென்றால் சரியான கணிப்பு எது? எல்லாரும் அதை நம்பி நட்ட பின்னும் பலிக்கிற கணிப்பு. 1961 இல் ஜான் மூத் என்ற அமெரிக்கர் இதைத்தான் எழுதினார். விவசாயிகள் போன வருட விலையை மட்டும் பார்க்காமல், மற்றவர்கள் என்ன நடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் வலையே பின்னாது என்றார்.

யோசிக்கத் தகவல் வேண்டுமே. ஹிங்கோலியில் எத்தனை ஏக்கர் போட்டிருக்கிறார்கள், குடோன்களில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்பது நடவு முடிந்து மாதக்கணக்கில் கழித்துத் தெரிந்து என்ன பயன்? செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பரப்பைக் கணிப்பது நமக்குப் புதிதில்லை. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வாரியத்தின் பணத்தில் கொஞ்சத்தை இந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கி, வாராவாரம் செல்போனுக்கு அனுப்பினால் பத்துக் கருத்தரங்குகளைவிட உபயோகம் என்பது என் கட்சி.

அதுவரைக்கும், சிவகிரிக்காரரே, சித்திரையில் ஒன்று செய்யுங்கள். விரலி விலையை விட்டுவிட்டு, விதை மஞ்சள் என்ன விலை போகிறது என்று நாலு ஊரில் விசாரியுங்கள். ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ விதை வேண்டும், நடப்போகிறவர்களில் சொந்தமாக எடுத்துவைக்காதவர் அத்தனை பேரும் அதை வாங்கியாக வேண்டும். விதைக்கு அடிபிடி என்றால், அடுத்த தையில் உங்கள் மூட்டைக்கு முன்னால் எத்தனை மூட்டை வரிசையில் நிற்கும் என்பதற்கு அதுதான் துப்பு. என் மாமா இப்போது விதை கிராக்கியாக இருந்தால் தன்னிடம் இருப்பதை விற்றுவிட்டு, அந்த வருடம் மக்காச்சோளம் போட்டுவிடுகிறார்.