மாண்பா, கண்ணியமா?

"யாருக்கும் பாரமா இல்லாம மரியாதையா போய்ச் சேரணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த மரியாதையைத்தான் நீதிமன்றமும் மருத்துவ அறமும் 'டிக்னிட்டி' என்கின்றன. நாளிதழ்களில் இதற்குக் 'கண்ணியம்' என்று எழுதுவது வழக்கம்: கண்ணியமான மரணம், கண்ணியத்துடன் வாழும் உரிமை. எனக்கு அதில் ஒரு நெருடல்.

கண்ணியம் வடமொழி 'கண்ய' என்பதிலிருந்து வந்தது. எண்ணத்தக்கது, பொருட்படுத்தத்தக்கது என்று பொருள். கணிதமும் அதே வேர்தான். தமிழில் புழங்கிப் புழங்கி அது நடத்தையைச் சுட்டும் சொல்லாகிவிட்டது. அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' நினைவுக்கு வரும். கண்ணியமாகப் பேசு என்கிறோம், கண்ணியம் தவறினான் என்கிறோம். ஆக, அது ஒருவர் தானே காத்துக்கொள்ள வேண்டியது. தவறினால் போய்விடும்.

சரி, வார்டுக்குள் வருவோம். திரையை இழுத்து மூடாமலேயே ஒரு முதியவருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றுகிறார்கள். "பதினேழாம் பெட்டுக்கு யாருப்பா கூட இருக்கறது?" என்று ஒரு குரல். படுத்திருப்பவருக்கு நினைவே இல்லை. அவர் எந்தக் கண்ணியத்திலிருந்தும் தவறவில்லை, ஆனாலும் அவருடைய ஏதோ ஒன்று மீறப்பட்டுவிட்டது. சட்டம் பேசுவது அந்த ஒன்றைத்தான்.

அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சொல் 'மாண்பு'. அரசமைப்புச் சட்ட முகப்புரையின் தமிழாக்கத்திலும் இதுதான். 'மாண்' என்றால் சிறத்தல்; 'மனைத்தக்க மாண்புடையள்' என்று குறளிலேயே (51) உண்டு. அமைச்சருக்கு முன்னால் 'மாண்புமிகு' போடுகிறோமே, அது பதவிக்கான சொல் ஆயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டிக்னிட்டியின் மூலமான இலத்தீனின் 'டிக்னிடாஸ்' என்பதும் ரோமில் பதவியும் குலமும் தந்த அந்தஸ்துதான். அது எல்லா மனிதருக்கும் பொதுவாக நெடுங்காலம் ஆனது. விலை உள்ள பொருளுக்கு மாற்று வைக்கலாம், மாற்றே இல்லாததற்குத்தான் மாண்பு உண்டு என்றார் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட், 1785இல். நாஜி மருத்துவர்கள் முகாம் கைதிகளின் உடலில் நடத்திய சோதனைகள் நியூரம்பெர்க்கில் விசாரிக்கப்பட்ட பிறகு, மனித மாண்பு மீறக்கூடாதது என்பதையே 1949இல் மேற்கு ஜெர்மனி தன் அடிப்படைச் சட்டத்தின் முதல் பிரிவாக வைத்தது.

(கௌரவம்? 'கௌரவக் கொலை' வந்த பிறகு அந்தச் சொல்லைத் தொடவே கை கூசுகிறது.)

நம் அரசமைப்பின் 21ஆம் பிரிவில் உயிர், தனிமனித சுதந்திரம் என்றுதான் இருக்கிறது. மாண்பு என்ற சொல் அதில் இல்லை. உயிர் என்றால் மாண்புடன் வாழ்வது என்று நீதிமன்றங்கள்தான் விரித்தன. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாண்புடன் இறப்பதும் அந்த உரிமையில் அடங்கும் என்றது. மீள வழியில்லாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அப்புறம் 2022இல், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் செய்யப்படும் 'இருவிரல் சோதனை' அவர்களின் மாண்பைக் குலைக்கிறது என்று சொல்லி, அதைச் செய்பவர்கள் தவறிழைத்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்றும் தீர்ப்பானது.

மாண், மாள் இரண்டு வினையும் பெயரெச்சத்தில் 'மாண்ட' என்றே முடியும். புறநானூற்றில் பிசிராந்தையார் 'மாண்ட என் மனைவி' என்று பாடியதை முதலில் படித்தபோது, பாவம், மனைவி இறந்துவிட்டாள் போல என்றுதான் நான் நினைத்தேன்.